எதிரியின் பெயர் பாஞ்சாலை

கட்டினவனின் சட்டைப் பையைத் துழாவாமல் துவைக்கப் போடுகிறவள் ஒன்று புதுப்பெண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாளியாக இருக்க வேண்டும். செல்வநாயகி இரண்டும் இல்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் கோவிந்தராசுவின் சட்டைப் பை அவளுக்குத் தெரியாமல் ஒரு பீடித் துண்டைக்கூட ஒளித்து வைத்தது கிடையாது. செராமிக் பேட்டையில் ஃபியூஸ் கேரியர் செய்கிற கம்பெனியில் அவன் சூளை மேஸ்திரி. சட்டையை உதறினால் வெள்ளை மண் கொட்டும். அதைத் துவைத்துத் துவைத்தே அவளுடைய நகக்கண் வெளுத்துவிட்டது.

அன்றைக்குப் புதன்கிழமை. முந்தின நாள் அவன் போட்டுப்போன நீலச் சட்டையை உதறினாள். ஒரு பொட்டு மண் இல்லை. வேலைக்குப் போனவன் சட்டையில் மண் இல்லையென்றால் அவன் வேலைக்குப் போகவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க துப்பறியும் நாய் வேண்டுமா என்ன? முகர்ந்து பார்த்தாள். பாச்சை உருண்டை வாசனை அடித்தது. தங்கள் வீட்டில் பாச்சை உருண்டை கிடையாது. எவள் வீட்டுப் பீரோ வாசனை இது?

பையில் நாலாக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. கோவிந்தராசுவின் கையெழுத்துதான். கோழி கிளறினதுபோல வேறு யாருக்கும் எழுத வராது.

‘பாஞ்சாலை. கம்பெனி லைன் வீடு. செவ்வாய் 11 மணி.’

செல்வநாயகி அதை மூன்று முறை படித்தாள். படித்துவிட்டு, இருந்தபடியே மடித்து, பையிலேயே திரும்ப வைத்தாள். திருடன் உஷாராகிவிடக் கூடாது பாருங்கள்.

நேராகவே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். அவளுடைய அக்கா பானுமதி அப்படித்தான் நேராகக் கேட்டாள். முதலில் பொய் வந்தது, அப்புறம் அறை வந்தது, அதற்கப்புறம் அப்பன் வீட்டுக்கு பஸ் வந்தது. அக்கா இன்னும் மங்கலம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்தவள் செல்வநாயகி. கையில் சாட்சி இல்லாமல் வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டவள்.

சாட்சி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. செவ்வாய்க்கிழமை ஆனால் அவன் லீவு போடுகிறான் என்பதைக் கம்பெனி வாட்ச்மேன் வாயிலிருந்தே பிடுங்கினாள். ஒருநாள் சாப்பிடுகிற நேரத்தில் போன் வந்தது. அவன் தட்டோடு எழுந்து தோட்டத்துப் பக்கம் போனான். அவள் குழம்புச் சட்டியைத் துடைக்கிற சாக்கில் ஜன்னல் ஓரம் நின்றாள். “பாஞ்சாலை சம்பந்தமாத்தான சார்? வரேன் சார். வூட்டுல யாருக்கும் தெரியாது” என்றான். வீட்டில் யாருக்கும் தெரியாதாம்! அந்த வீட்டில் அவளைத் தவிர இருக்கிறது யார்? மகள் தமிழினியைக் கட்டிக்கொடுத்து நெய்வேலிக்கு அனுப்பியாயிற்று. மாமனார் பழமலைநாதன் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருக்கிற ‘யாரும்’ அவள்தான்.

மாடியில் குடியிருக்கிற துர்காவிடம் மட்டும் சொன்னாள். துர்கா செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். அங்கே வருகிற போன்களில் உலகத்துக் கள்ளத்தனம் எல்லாம் பார்த்தவள். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவள் இல்லை, ஆனால் எண்ணெய் ஊற்றுகிறவள்.

“அம்பது வயசுக்கு மேலதான்க்கா ஆம்பளைங்களுக்கு இந்தக் கிறுக்கு புடிக்கிது” என்றாள் துர்கா. “பேரப் பாருங்க, பாஞ்சாலையாம். பழைய பேரு. வயசானவளாத்தான் இருப்பா. வயசானவதான் டேஞ்சரு. சின்னப் பொண்ணுன்னா காசு தீந்ததும் போயிடும். இது ஒட்டிக்கும்.”

அடுத்த வாரம் புடவை வந்தது. வீட்டுக்கு வந்தது என்று சொல்லவில்லை. மொபெட்டின் பெட்டியில் இருந்தது. அரக்கு நிறத்தில் நூல் புடவை. மஞ்சள் கரை போட்டது. செல்வநாயகி பொங்கலுக்கு ஒரு புடவை கேட்டு மூன்று வருஷமாகத் தொண்டை வற்றிப்போய் இருக்கிறாள். அந்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வராமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். இருபத்தெட்டு வருஷம் ஒருத்தனுக்குச் சோறு போட்டு, அவன் அப்பனுக்கு ஏழு மாசம் பீ மூத்திரம் அள்ளி, கடைசியில் ஒரு பாஞ்சாலைக்கு நூல் புடவை. அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக இடம் கிடையாது. அக்காவுக்காவது அப்பன் வீடு இருந்தது. இப்போது அப்பனும் இல்லை, வீடும் இல்லை.

அழுது முடித்து முகம் கழுவினாள். புடவையை எடுத்த இடத்திலேயே வைத்தாள். மறுநாள் காலையில் மணவாளநல்லூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் பிராது கொடுக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற மாதிரியேதான். வாதி யார், எதிரி யார், என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். சாமி விசாரணைக்கு நம் வீடு வரைக்கும் வர வேண்டுமே, அதனால் கோயிலிலிருந்து வீடு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு அதற்குப் படிகூட வாங்குவார்கள். மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாசம். அதற்குள் தீர்ப்பு ஆகிவிடும் என்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். தீர்ந்ததும் மறக்காமல் வந்து ராஜினாமா என்று ஒரு தாள் எழுதிக் கட்டி, வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

செல்வநாயகி மண்டபத்துத் தரையில் உட்கார்ந்தாள். ‘வாதி: கோ. செல்வநாயகி’ என்று எழுதினாள். எதிரி என்ற இடத்தில் முதலில் புருஷன் பெயரைத்தான் எழுதப் பார்த்தாள். கை வரவில்லை. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? என்னதான் இருந்தாலும் அவன் தாலி கட்டினவன். மயங்கினவனை விட்டுவிடலாம், மயக்கினவளை விடக் கூடாது.

‘எதிரி: பாஞ்சாலை, தகப்பன் பெயர் தெரியாது, விருத்தாசலம்.’

அதற்குமேல் பேனா தானாக ஓடியது. என் குடியைக் கெடுக்க வந்த இவள் என் வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது. இவளும் இவள் வயிற்றில் பிறந்ததும், அது வழியாக வந்த வம்சமும் பூண்டோடு அற்றுப்போக வேண்டும். இப்படிக்கு.

சுருட்டி, நூல் சுற்றி, வேலில் ஏற்கெனவே தொங்கின நூற்றுக்கணக்கான தாள்களுக்கு நடுவில் இறுக்கிக் கட்டினாள். வெளியே வந்து ஒரு இளநீர் குடித்தாள். வெகுநாளைக்கு அப்புறம் தொண்டையில் ஏதோ ஒன்று இறங்கினது.

நாலாம் நாள் கோவிந்தராசு கையில் கட்டோடு வந்தான். சூளைக் கதவில் சுட்டுக்கொண்டானாம். இருபது வருஷமாக சூளையோடு குடும்பம் நடத்துகிறவன், ஒருநாளும் சுட்டுக்கொண்டதில்லை. செல்வநாயகி மருந்து போட்டுக்கொண்டே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். சாமி விசாரணையை ஆரம்பித்துவிட்டது, முதல் தட்டு தட்டியிருக்கிறது.

பத்தாம் நாள் நெய்வேலியிலிருந்து போன் வந்தது. தமிழினிக்கு அப்போது ஏழு மாசம். வயிற்றில் தண்ணீர் குறைவாக இருக்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கூட இருக்கிறேன் என்றதற்கு, “நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எதிர்லயே ஒக்காந்திருப்ப, எனக்கு பிபி ஏறும். அத்தை பாத்துக்கறாங்க, நீ போம்மா” என்று மகள் அனுப்பிவிட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் புருஷனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பன் செய்கிற பாவம் பிள்ளை தலையில் விடிகிறது என்று நினைத்தாள். அப்போதுகூட அவளுக்கு அந்தத் தாளின் ஞாபகம் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு அவன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். பெட்டியில் புடவை இன்னும் இருந்தது. செல்வநாயகி துர்காவின் துப்பட்டாவை வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டு ஒரு ஆட்டோவை நிறுத்தினாள்.

“எங்கக்கா போவணும்?”

“முன்னாடி போவுது பாரு மொபெட்டு, அது எங்க போவுதோ அங்க.”

ஆட்டோக்காரன் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தான். இந்த மாதிரி சவாரி அவனுக்குப் புதுசில்லை போல.

ரயில்வே கேட்டைத் தாண்டி, பழைய பீங்கான் கம்பெனிக்காரர்கள் ஒரு காலத்தில் வேலைக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளுக்குள் மொபெட் நுழைந்தது. கம்பெனி மூடி எத்தனையோ வருஷமாகிறது. வீடுகள் மட்டும் பாதி இடிந்தும் பாதி இருந்தும் கிடக்கின்றன. கடைசி வீட்டு வாசலில் மொபெட் நின்றது. வாசலில் பொம்பளைச் செருப்பு ஒரு ஜோடி. உள்ளே இருந்து குரல் வந்தது.

“இன்னொரு தோச வெச்சிக்கங்க தம்பி. கூச்சப்படாதீங்க.”

தோசை வேறு! செல்வநாயகிக்குத் தலைக்குள் சூளை பற்றிக்கொண்டது. துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

“யோவ்!” என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவனை யோவ் என்றது அதுதான் முதல் தடவை. “எங்கய்யா அவ? பாஞ்சாலைய வெளிய வரச் சொல்லு! என் மூஞ்சப் பாத்துப் பேசச் சொல்லு!”

கூடத்தில் கோவிந்தராசு தோசையும் கையுமாக உட்கார்ந்திருந்தான். எதிரே கைவைத்த பனியனோடு ஒரு கிழவர். தோசைத் திருப்பியோடு ஒரு கிழவி. தரையில் திறந்துகிடந்த தகரப் பெட்டி ஒன்றிலிருந்து பழுப்பேறிய பெரிய நோட்டுப் புத்தகங்கள் எட்டிப் பார்த்தன. பாச்சை உருண்டை வாசனை அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது.

கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாஞ்சாலையா? அவங்க செத்து அம்பது வருசம் ஆவுதேம்மா. நீ யாரு?”

செல்வநாயகிக்கு வெட்கம் வந்தது என்று நினைக்காதீர்கள். கோபம்தான் கூடியது. செத்தவளைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறார்களா? கூட்டுக் களவாணிகள்!

“செத்தவளுக்கு எதுக்குய்யா புதுப்புடவை? செவ்வாக்கெழமையானா செத்தவளப் பாக்கவா லீவு போடறீங்க? சத்தியமா நான் நம்ப மாட்டேன். ஆதாரத்தக் காட்டுங்க.”

கோவிந்தராசு தோசையை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே முத்திரை வைத்த தாள் ஒன்று இருந்தது. இறப்புப் பதிவேட்டின் நகல். அவள் பிடுங்கிப் படித்தாள். பெயர் பாஞ்சாலை, பெண், வயது நாற்பத்திரண்டு, வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. கடைசி வரியில் தகவல் கொடுத்தவர் பெயர் இருந்தது. பழமலைநாதன். உறவுமுறை: மகன்.

“பழமலைநாதன்னா யாரு?” என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

“எங்கப்பாதான்” என்றான் கோவிந்தராசு.

“உங்கப்பாவுக்கு அம்மா தனக்கோடி ஆயா இல்ல?”

“அப்பிடித்தான் எனக்கும் சொல்லி வளத்தாங்க. அவங்க ரெண்டாவதா வந்தவங்களாம்.” அவன் அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அப்பா சாவறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நீ துணி அலசப் போயிருந்த. என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘பாஞ்சாலைக்கு டீ குடுத்தியா, பாஞ்சாலைக்கு டீ குடுத்தியா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பொம்பள பேரு. கெழவன் எவளையோ வெச்சிருந்திருக்கான்னு நெனச்சேன் நாயகி. உன்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்? ஏழு மாசம் அவருக்குப் பீ அள்ளினவ நீ. செத்த மனுசன் மானம் உன் கண்ணுல போயிடக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். ஆனா எனக்கும் மண்டைக் கொடச்சல் தாங்கல. யாரு அந்தப் பொம்பளன்னு தேட ஆரம்பிச்சேன். ஆபீஸ் ஆபீஸா அலஞ்சேன். இந்தத் தாளு கெடைக்க மூணு மாசம் ஆச்சு.”

“கெடைச்சதும் சொல்லலாம்ல?”

“வூட்ட விட்டுத் தொரத்திட்டாங்கன்னு மட்டுந்தான் தெரிஞ்சுது, எதுக்குன்னு தெரியலியே. நெசமாவே கெட்ட நடத்தையா இருந்தா அப்பிடியே மூடி வெச்சிடலாம்னு பாத்தேன். ஆனா எப்பிடிப்பட்டவளா இருந்தாலும் எங்கப்பனப் பெத்தவ. தலைதெவசத்தப்ப பூவாடைக்கு ஒரு புடவை வெச்சிப் படைக்கலாம்னு வாங்கினேன்.”

வீட்டில் வாழ்ந்து செத்த பொம்பளைகளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைக்கிறதைத்தான் பூவாடை என்பார்கள். செல்வநாயகியே மாமியாருக்கு வருஷா வருஷம் வைக்கிறவள். நூல் புடவை, மஞ்சள் கரை. அதைக்கூடக் கண்டுபிடிக்கத் தோன்றாமல் போயிற்றே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

கிழவர் மதிவாணன் அந்தப் பழைய கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவர். கம்பெனியை மூடினபோது வருகைப் பதிவேடுகளைச் சூளையில் போடச் சொல்லிவிட்டார்களாம். மனசு வராமல் ஒரு பெட்டி மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“நீ உக்காரு முதல்ல. இத பாரு. ‘பாஞ்சாலை’ன்னு என் கையெழுத்து. அதுக்கு நேரா ரேகை. அடுத்த வரி பாரு, பழமலைநாதன். கையெழுத்து.”

வருஷம் எழுபது. ஒவ்வொரு நாள் கட்டத்திலும் மேலே ஒரு பெருவிரல் ரேகை, கீழே ஒரு கையெழுத்து. பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த மாசமும் அப்படியே. அதற்கடுத்த மாசமும் அப்படியே.

“களிமண்ணு மிதிக்கிற வேலைக்குத்தான் வந்தாங்க. உங்க மாமனாரு அப்பதான் புதுசா சேந்த பையன். அவன் பேருக்கு மேல என் பேர எழுது தம்பின்னு கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன். சிரிச்சாங்க, சொல்லல. மூணு ஷிப்ட்ல அவன் எந்த ஷிப்டோ அதுதான் இவங்களும் கேட்டு வாங்குவாங்க. நாங்க எல்லாரும் பேரு சொல்லித்தான் கூப்புடுவோம், அவனும் பாஞ்சாலைன்னுதான் கூப்புடுவான். டீ வாங்கியாந்தா முதல் கிளாஸ் அவங்களுக்கு. அவனுக்கு ஏன் குடுக்கத் தோணிச்சோ. அம்மான்னு அவனுக்குத் தெரிஞ்சது அவங்க ஆஸ்பத்திரில கெடந்தப்பதான்.”

“எதுக்கு வூட்ட விட்டுத் தொரத்துனாங்க?” என்றாள் செல்வநாயகி. குரல் இறங்கிவிட்டது.

அதற்குக் கிழவரின் மனைவி பதில் சொன்னாள். தோசைத் திருப்பி இன்னும் அவள் கையில் இருந்தது. “ஒண்ணுமில்லம்மா. ஜங்சன்ல ஒரு ஆளோட பேசிக்கிட்டு நின்னத எவளோ பாத்துட்டு வந்து மாமியார் காதுல ஓதிட்டா. கூடப் பொறந்த அண்ணனாம் அது. ஊருல சண்ட போட்டுட்டு ரயில் ஏறப் போனவன். யாருடின்னு ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு வயசுப் புள்ளயப் புடுங்கிக்கிட்டு வெளிய தள்ளிட்டாங்க. பக்கத்து வூடுதான் எனக்கு. எல்லாம் என்கிட்ட சொல்லி அழுவாங்க. எனக்கு வயிறு எரியும். ஒருநாள் நானே தாளும் பேனாவும் கொண்டாந்து, ‘கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது கட்டுக்கா, உன்னத் தொரத்துன வூடு வம்சத்தோட வெளங்காம போவட்டும், நான் எழுதித் தரேன்’ன்னேன். தாள மடிச்சி என் கையிலயே குடுத்துட்டாங்க. ‘அந்த வூட்டுலதாம்மா என் புள்ள சோறு தின்னுது’ன்னாங்க.”

செல்வநாயகி எழுந்து நின்றாள்.

இவள் வயிற்றில் பிறந்ததும், அது வழியாக வந்த வம்சமும். அவளே எழுதினது. பாஞ்சாலை வயிற்றில் பிறந்தது பழமலைநாதன். பழமலைநாதனுக்குக் கோவிந்தராசு. கோவிந்தராசுவுக்குத் தமிழினி. தமிழினி வயிற்றில் ஏழு மாசம். எதிரி இடத்தில் புருஷன் பெயரை எழுதாமல் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாளே, மொத்தமாக அல்லவா எழுதிக் கொடுத்திருக்கிறாள்! கை சுட்டது, தண்ணீர் குறைந்தது, எல்லாவற்றுக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது.

“வண்டிய எடுங்க” என்றாள்.

“எங்க?”

“மணவாளநல்லூருக்கு. இப்பவே. கேள்வி கேக்காம எடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

மதிவாணனிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பாதி வழியில், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. சீட்டு, போன், புடவை, பிராது. கடைசியில் அந்த இரண்டு வரியை எழுதினபடியே ஒப்பித்தாள். மொபெட் ஓரமாகப் போய் நின்றது. கோவிந்தராசு இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

“என் பொண்ணு படுத்துக் கெடக்கறாடி” என்றான்.

“தெரியும்.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நாயகி?”

“கேட்டிருக்கணும்” என்றாள். “அடிங்க. எறக்கி விட்டுட்டுப் போங்க. ஆனா கோயில்ல எறக்கி விட்டுட்டுப் போங்க.”

அவன் மூக்கை உறிஞ்சினான். “நான் மட்டும் என்னா யோக்கியம்? பெத்த அப்பனையே சந்தேகப்பட்டு மூணு மாசம் ஊரெல்லாம் துப்பு தேடினவன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

முனியப்பர் முன்னால் வேல் நிறையத் தாள் தொங்கியது. அவளுடையது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டினவள் பிரிக்கவும் கூடாதாம். ராஜினாமா எழுதிக் கட்டுங்கள், அதுதான் முறை என்றார் அங்கே இருந்தவர். தரையில் உட்கார்ந்து தாளை வாங்கினாள். எதிரி என்ற இடத்தில் பேனா நின்றது.

“எதிரி பேர எழுதாம விட்டுடட்டுமாங்க?”

“அது எப்பிடிம்மா? எந்த வழக்க வாபஸ் வாங்கறேன்னு சாமிக்குத் தெரிய வேணாமா? பிராதுல இருந்த பேர எழுது.”

எழுதினாள். எதிரி: பாஞ்சாலை. தகப்பன் பெயர் இப்போதும் தெரியாது. அதற்குப் பதிலாக, ‘பழமலைநாதனின் தாயார், என் வீட்டுக்காரருக்கு ஆயா’ என்று எழுதினாள். விஷயம் என்ற இடத்தில் எழுத அவளிடம் அதிகம் இல்லை. ‘ஆள் தெரியாமல் எழுதிவிட்டேன். வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று எழுதினது தப்பு. வம்சத்தைப் பற்றி எழுதினது மகா தப்பு. தண்டனை உண்டென்றால் அது என்னோடு போகட்டும்.’ கண்ணீர் விழுந்து கடைசி வரி கலங்கினது. கோவிந்தராசு குனிந்து படித்துவிட்டு, பேனாவை வாங்கி அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினான்.

சாமி காலடியில் வைத்து வாங்கிவந்து கட்டும்போது அவள் சாமியிடம் பேசவில்லை. மனசில் சந்தேகம் இன்னும் இருந்தது. முன்னால் கொடுத்த தாளை சாமி முதலில் எடுத்துவிட்டால்? விசாரணை முடிந்தே போயிருந்தால்? அதனால் நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே வேறொருத்தியிடம் சொன்னாள்.

“ஆயா, உனக்கு எழுதித் தரேன்னு சொல்லியும் நீ கட்டலியாம். நான் கட்டிட்டேன். உன் பேரன் மவ நெய்வேலில படுத்திருக்கா. நீ போயி அவ பக்கத்துல உக்காந்துக்க. நான் சொன்னா சாமி கேக்குமோ என்னமோ, நீ சொன்னா கேக்கும்.”

வெளியே வந்து நெய்வேலிக்குப் போன் போட்டாள். “ஏம்மா இப்பிடி மூச்சு வாங்கற?” என்றாள் தமிழினி. “நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு ஸ்கேன். காத்தால இருந்து உள்ள ஒரே ஒதை.” செல்வநாயகி போனைக் கோவிந்தராசுவிடம் கொடுத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் துர்கா காத்திருந்தாள். “என்னாச்சுக்கா, அவ மாட்டிக்கிட்டாளா?”

“மாட்டிக்கிட்டது நான்தான்” என்று சொல்லிவிட்டு, “உன் துப்பட்டா எங்கயோ போச்சு, வேற வாங்கித் தரேன்” என்று உள்ளே போனாள்.

தலைதிவசத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அதுவரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, வாசப்படியைக் கழுவி, மஞ்சள் பூசி, கோலம் போட்டாள். சாமி படத்துக்குக் கீழே வாழையிலை போட்டு அரக்குப் புடவையைப் பிரித்து வைத்தாள். பக்கத்தில் மதிவாணன் முன்பே கோவிந்தராசுவிடம் எடுத்துக் கொடுத்திருந்த பதிவேட்டுப் பக்கத்தின் நகல். மேலே ரேகை, கீழே கையெழுத்து. ஒரு கிளாஸில் டீ போட்டு, ஆற்றாமல், சூடாக வைத்தாள்.

வெயில் உள்ளே அடிக்கிறது என்று கோவிந்தராசு தெருக்கதவைச் சாத்தப் போனான்.

“சாத்தாதீங்க” என்றாள் செல்வநாயகி. “ஆயா வரணும்.”